அத்தோவுக்குள் பத்துக் கோடிட்ட இடங்கள்

“பெட்டியத் தொறக்கப் போறேன். கிட்ட வந்து பாருங்க. எதையும் கலைச்சிடாதீங்க!”

அக்கா சொன்னதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பழைய செருப்புப் பெட்டி. மூடியை எடுத்ததும் முதலில் வெளியே வந்தது ஷாம்பு சாஷே. அதன் கீழே காய்ச்சல் மாத்திரை அட்டை, பிஸ்கட் கவர், மிக்ஸி வாங்கியபோது வந்த கையேடு, ஏற்றுமதிக்குப் போகும் இறால் அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டியெடுத்த ஒரு பக்கம். அடியில் ரப்பர் பேண்ட் போட்ட போட்டோக் கட்டு ஒன்று. அத்தனையும் கன்டெய்னர் கதவுகள்! ஒவ்வொரு போட்டோவின் பின்பக்கத்திலும் பென்சிலில் ஒரு வார்த்தை: ப்ரிஃபிக்ஸ், அப்ரிவியேஷன், பாஸிவ், ப்ரிபொசிஷன்.

இதுதான் அவருடைய கொஸ்டின் பேங்க். பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பயிற்சித்தாள் இந்தப் பெட்டியிலிருந்துதான் பிறக்கிறது. பயிற்சித்தாள் பிறக்கும் இடத்தைப் பார்க்க யாருக்காவது ஆசை வருமா என்று கேட்காதீர்கள். எனக்கு வந்தது. வந்து பார்த்தபின் வீட்டுக்குப் போக மனமே வரவில்லை.

இடம், டோல்கேட்டுக்கும் காலடிப்பேட்டைக்கும் நடுவே ஒரு மொட்டை மாடி. கீழே திருவொற்றியூர் நெடுஞ்சாலை. அதன் மேலே 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ. கிழக்கே நாலு தெரு தாண்டினால் எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசை, அதற்கப்பால் கடல். அக்கா பகலில் கல்லூரி மாணவி. மாலையானால் இந்த மாடியின் முழுநேர ராணி. பிள்ளைகளின் அப்பாக்களில் டிரெய்லர் ஓட்டுபவர் உண்டு, எண்ணூர்க் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர் உண்டு. அம்மாக்களில் காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்பவர்கள் உண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் ‘அக்கா’. ‘மிஸ்’ என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

முதலில் எதிராளியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் இங்கிலீஷ் தாள் 100 மார்க். 35 எடுத்தால் பாஸ். முதல் 14 கேள்வி ஒன் மார்க்: சினானிம், ஆன்டனிம், ப்ளூரல், ஃப்ரேசல் வெர்ப், டென்ஸ், லிங்க்கர் என்று வரிசையாக. அப்புறம் ப்ரோஸ், போயம், வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச், வழி சொல்லும் ரோட் மேப், மெமரி போயம், கடிதம், விளம்பரம், காம்ப்ரிஹென்ஷன். மூன்று மணி நேரம். இந்த வரிசை ஊருக்கே மனப்பாடம். பிள்ளைகளுக்கும் மனப்பாடம். வரிசையைத் தெரிந்துகொண்டு, விடையையும் அப்படியே மனப்பாடம் செய்துவிட்டால் 35ஐத் தாண்டிவிடலாம் என்ற நம்பிக்கைதான் அக்காவுக்கு எதிரி. “படிக்கிறாங்க, எழுதுறாங்க, பாஸும் ஆவுறாங்க. ஆனா தெருவுல இருக்கிற ஒரு போர்டைப் படிச்சு அர்த்தம் சொல்லுன்னா முழிக்கிறாங்க. அது எனக்கு ஆறவே மாட்டேங்குது” என்றார். அந்த ஆற்றாமையிலிருந்துதான் இந்தச் செருப்புப் பெட்டி வந்திருக்கிறது.

சரி, கன்டெய்னர் கதவுக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் நான் துடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கன்டெய்னரின் பின்கதவை நீங்கள் எப்போதாவது நின்று வாசித்ததுண்டா? வடசென்னையில் பிறந்தவர்கள் வாழ்நாளில் பல மணி நேரம் அதன் பின்னாலேயே பஸ்ஸில் நின்றிருப்போம், வாசித்திருக்க மாட்டோம். வலதுபக்கக் கதவின் மேலே நாலு எழுத்து, ஏழு எண். எம், எஸ், சி, யு என்று ஆரம்பித்தால் அது ஒரு கம்பெனியின் பெட்டி. ஓ, ஓ, எல், யு என்றால் இன்னொன்றின் பெட்டி. முதல் மூன்று எழுத்து உரிமையாளர். நாலாவது எழுத்து ‘யு’ என்றால் அது சரக்குக் கன்டெய்னர். கடைசி எண் ஒரு காவல்காரன்: முன்னால் உள்ள எழுத்தையும் எண்ணையும் கணக்குப் போட்டால் அந்த எண் வரவேண்டும்; வராவிட்டால் யாரோ எங்கோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம். உலகம் முழுக்க ஒரே முறை!

அதன் கீழே நாலு வரி. மேக்ஸ் கிராஸ், டேர், நெட், க்யூபிக் கெப்பாசிட்டி. பெட்டியும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு வரை போகலாம், காலிப் பெட்டி எவ்வளவு, சரக்கு மட்டும் எவ்வளவு, உள்ளே இடம் எவ்வளவு. மேக்ஸ் கிராஸ் பல பெட்டிகளில் 30,480 கிலோ என்றிருக்கும். அக்கா இரண்டு கதவுகளின் போட்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். எது கனம்? எது அதிகக் கொள்ளும்? எல்லாவற்றிலும் பெரியது எது? டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன் முழுப்பாடமும் அங்கே நடந்து முடிந்துவிடுகிறது. ராமன் சோமனைவிட உயரம் என்கிற அந்தக் காலத்து வாக்கியங்கள் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

“அக்கா, எங்கப்பா வண்டில இருக்கிறதுல டேர் 2,200 சொச்சம்தான். இது 3,800. அப்ப இது நாப்பதடிப் பொட்டிக்கா!”

சொன்னவன் இங்கிலீஷில் காலாண்டில் பதினெட்டு வாங்கியவன். கண்ணில் என்ன வெளிச்சம் தெரியுமா!

கதவின் கீழ்ப்பகுதியில் ஆணியடித்த ஒரு சின்னத் தகடு உண்டு. பாதுகாப்புச் சான்றுத் தகடு. எந்த ஆண்டு, எந்த மாதம் செய்யப்பட்டது, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு எடை தாங்கும் என்று அதில் பொறித்திருக்கும். அக்கா இந்தத் தகட்டைப் பாஸிவ் வாய்ஸுக்கு வைத்திருக்கிறார். பாஸிவ் எதற்கு என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்களாம். செய்தவன் யார் என்று நேராகச் சொன்னால் ஆகாதா? தகட்டைக் காட்டி அக்கா கேட்பார்: “இத வெல்டு வச்ச அண்ணன் பேரு இதுல இருக்கா? இல்ல. அவர் பேரு வேணாம், எப்ப செஞ்சாங்கங்கிறதுதான் வேணும். அதுக்குத்தான் பாஸிவ்.” அரை நிமிடம். நான் பள்ளியில் மூன்று வருடம் படித்தும் எனக்குக் கிடைக்காத விளக்கம்!

டேங்கர் லாரிக்குத் தனிக் கட்டு. அதன் பலகையில் உள்ள எண்களைப் பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்கவேண்டும்: 1203 பெட்ரோல், 1075 சமையல் கேஸ், 1005 அம்மோனியா. எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள எச்சரிக்கைச் சொற்களிலிருந்து ப்ரிஃபிக்ஸ், சஃபிக்ஸ். இங்கே சிரிப்பு கொஞ்சம் அடங்குகிறது. 2023 டிசம்பரில் எண்ணூரில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது வீட்டைவிட்டு ஓடிய பிள்ளைகள் இந்த மாடியில் இருக்கிறார்கள். டேங்கரின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிவது அவர்களுக்கு மார்க்குக்கு மேலான காரியம். அக்கா அந்தப் பாடத்தை வருடத்தில் முதல் வாரமே நடத்திவிடுகிறார்.

இனி, சீனா வந்த கதை!

அந்தப் பாதுகாப்புத் தகடுகளின் பக்கத்தில், பெட்டியைச் செய்த ஆலையின் தகடும் சிலவற்றில் இருக்கும். உலகில் ஓடும் கன்டெய்னர்களில் மிகப் பெரும்பகுதி சீனாவில் செய்யப்பட்டவை. ஆகவே பிள்ளைகள் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்த ஊர்ப்பெயர்கள் ஷாங்காய், நிங்போ, சிங்தாவ். ஒரு சாயங்காலம் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: “அங்க இருக்கிற பசங்களுக்கும் இங்கிலீஷ் எக்ஸாம் இருக்குமாக்கா?”

இருக்கிறது! ‘காவ்காவ்’ என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு. ஒவ்வொரு ஜூன் 7ஆம் தேதி தொடங்கும். இரண்டாம் நாள் மதியம் இங்கிலீஷ். 150 மார்க், இரண்டே மணி நேரம். கேட்டல் 30, வாசிப்பு 50, மொழிப்பயன்பாடு 30, எழுதுதல் 40. பாடத்திட்டத்தில் சுமார் 3,000 சொற்கள். அக்கா அந்தத் தாள்களைத் தேடி எடுத்து, ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்து, மாடியில் பரப்பிவிட்டார். காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொரு தாளின் மேலும் ஒரு செருப்பு.

அதில் ஒரு கேள்வியின் மேல் எனக்கும் அக்காவுக்கும் தீராத காதல். சுமார் இருநூறு சொற்களில் ஒரு பத்தி. நடுநடுவே பத்துக் கோடிட்ட இடங்கள். சில இடங்களில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் இருக்கும். அதைச் சரியான உருவத்துக்கு மாற்றவேண்டும். சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. வெறும் கோடு. அந்த வெறும் கோட்டில்தான் ‘எ’, ‘தி’, ‘விச்’, ‘ஆஃப்’, ‘பட்’ போன்ற குட்டிச் சொற்கள் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மார்க். பத்தியைப் புரிந்து வாசிக்காமல் ஒரு கோட்டையும் நிரப்பமுடியாது. இலக்கணம் தெரியாமலும் முடியாது. வாசிப்பும் இலக்கணமும் சொல்வளமும் ஒரே பத்தியில்! நம் தாளில் இவை தனித்தனி அறைகளில் வாழ்கின்றன: டென்ஸுக்கு ஒரு வாக்கியம், லிங்க்கருக்கு ஒரு வாக்கியம், ஒன்றுக்கொன்று முகம் பார்க்காது. இந்த ஒரு விஷயத்தில் சீனத்துத் தாள் நம்முடையதைவிட நல்ல தாள் என்று தயங்காமல் சொல்வேன்.

அந்தப் பத்தி எதைப் பற்றி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? லண்டன் பாலம்? டாஃபோடில் பூ? 2022ஆம் ஆண்டுத் தாள் ஒன்றில் பாண்டாக் கரடிகளுக்கான தேசியப் பூங்கா. 2023இல் ஷாங்காய்ப் பக்கத்துச் சூப் கொழுக்கட்டை! ‘சியாவ்லோங்பாவ்’ என்று பெயர். மெல்லிய மாவுக்குள் இறைச்சியும் சூடான சூப்பும். அதை எப்படி வாய் வெந்துபோகாமல் தின்பது என்ற கவலை. லட்சக்கணக்கான பிள்ளைகள் தங்கள் தெருமுனைத் தின்பண்டத்தைப் பற்றி இங்கிலீஷில் வாசித்துக்கொண்டே இலக்கணம் எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு பையன் கேட்டானாம்: “அப்ப நமக்கு அத்தோக்கா?”

அன்று இரவே அக்கா அத்தோவைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டார். நான் கையில் வைத்து வாசித்தேன், சத்தியமாக நாவூறியது. 1960களில் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாகத் திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே வண்டிக்கடைகளில் கையாலேயே பிசைந்து தருவார்கள்: நூடுல்ஸ், நறுக்கிய முட்டைகோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எலுமிச்சை. பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். இந்தக் கதைக்குள் பத்துக் கோடுகள். ‘கப்பலில் வந்தார்கள்’ என்ற இடத்தில் ஒரு வெறும் கோடு: ‘இன்’னா, ‘ஆன்’னா, ‘பை’யா? ‘பிசை’ என்ற வினை பாஸிவில் வேண்டும். ‘பர்மாவில் பிறந்த பாட்டி’ வரும் இடத்தில் ‘ஹூ’. ‘சுவை’ என்ற பெயர்ச்சொல்லை உரிச்சொல்லாக்கவேண்டும். ஏழாவது கோட்டில் மொத்த மாடியும் சண்டை போட்டது. அது ‘தி’ என்று அக்கா தீர்ப்பு சொன்ன பிறகும் சண்டை நிற்கவில்லை.

ஏன் ‘தி’? இங்கேதான் நான் நோட்டும் பேனாவுமாக மாட்டிக்கொண்டேன். தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது. சீனத்திலும் கிடையாது! ஆகவே நிங்போவில் ஒரு பிள்ளை ‘எ’ போடுவதா, ‘தி’ போடுவதா என்று பேனாவைக் கடிக்கும் அதே காரணத்துக்காகத்தான் திருவொற்றியூரில் இன்னொரு பிள்ளை பேனாவைக் கடிக்கிறது. ஆனால் மற்ற இடங்களில் இருவரும் வேறு வேறு பள்ளங்களில் விழுகிறார்கள். சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருவம் மாறாது. ‘நேற்று’, ‘நாளை’ என்று பக்கத்தில் சொல்லிவிட்டால் போதும். ஆகவே அவர்களுக்கு டென்ஸ் ஒரு மலை. நம் வினையிலோ காலம், ஆள், ஆண்பால் பெண்பால் எல்லாம் உள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. ‘வந்தாள்’ என்று ஒரே சொல்லில் கதையே முடிந்துவிடுகிறது. பேச்சுச் சீனத்தில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே ஒலி. ஆகவே நல்ல இங்கிலீஷ் பேசும் சீனர்கூட ‘ஹீ’யையும் ‘ஷீ’யையும் மாற்றிவிடுவார். நம் பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வாக்கிய வரிசையில் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இட்லி தின்றதைச் சொல்ல நாம் வினையைக் கடைசியில் வைப்போம். சீனர்கள் இங்கிலீஷைப் போலவே நடுவில் வைப்பார்கள். சொற்களைக் கலைத்துப்போட்டு வரிசைப்படுத்தச் சொல்லும் கேள்வியில் நம் பிள்ளைகள் வினையை வாலில் கட்டுவது இதனால்தான்.

ப்ரிபொசிஷன் இன்னொரு கூத்து. கடல்ல, பீச்சுல, காசிமேட்ல. மூன்றுக்கும் நமக்கு ஒரே ‘ல’. இங்கிலீஷில் இன் தி சீ, ஆன் தி பீச், அட் காசிமேடு! அக்கா மூன்று அட்டையை மூன்று பிள்ளைகள் கழுத்தில் மாட்டிவிட்டு, இடத்தின் பெயரைக் கத்துவார். ‘போட்’ என்றால் யார் ஓடவேண்டும்? ‘ஆன்’ ஓடுவான், ‘இன்’னும் ஓடுவாள். விசைப்படகாக இருந்தால் ‘ஆன்’, சின்னத் துடுப்புப் படகாக இருந்தால் ‘இன்’ என்று மீனவர் வீட்டுப் பெண்ணே தீர்த்துவைத்தாள். மேலே நிற்கிற இடம் இருந்தால் ஆன், உள்ளே குந்திக்கிறதா இருந்தால் இன், அவ்ளோதான் என்றாள். எந்த கைடிலும் இதைவிடத் தெளிவாகப் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும்விட நான் வாய்பிளந்து பார்த்தது ரிப்போர்ட்டட் ஸ்பீச். தமிழன் அடுத்தவன் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு, பின்னால் ஒரு ‘னு’ போடுவான். ‘நான் நாளைக்கு வரேன்’னு சொன்னான். சொன்னவனின் ‘நான்’ அப்படியே இருக்கிறது, ‘நாளைக்கு’ அப்படியே இருக்கிறது. இங்கிலீஷ் இதை அனுமதிக்காது. சொன்னது நேற்று, நான் சொல்வது இன்று. ஆகவே ‘ஐ’ போய் ‘ஹீ’ வரும், ‘வில்’ போய் ‘வுட்’ வரும், ‘டுமாரோ’ போய் ‘தி நெக்ஸ்ட் டே’ வரும். எல்லாம் மாறும். ஒரு சின்ன ‘னு’வில் நாம் கடந்துபோகும் வழியை இங்கிலீஷ் சுற்றிக்கொண்டு போகிறது. இதை விதியாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதுதான் வழக்கம். அக்கா என்ன செய்கிறார் தெரியுமா? புகார் விளையாட்டு!

ஒருவன் மாடிப்படியின் கீழே நின்று ஒரு வாக்கியம் சொல்வான். நடுப்படியில் நிற்பவள் அதைக் கேட்டு மேலே ஓடிவந்து அக்காவிடம் இங்கிலீஷில் புகார் சொல்லவேண்டும்.

“அக்கா, ஹீ செட் தட் ஐ வில்...”

“யாரு வில்? நீ வில்லா, அவன் வில்லா?”

“அவன்க்கா! ஹீ வில்...”

“இப்ப சொல்றானா, அப்பவே சொல்லிட்டானா?”

“சொல்லிட்டான்க்கா... ஹீ வுட்! ஹீ வுட் டேர் மை நோட்புக்!”

“டேய், இன்னாடா அவ நோட்டைக் கிழிப்பியா?”

“சும்மா எக்ஸாம்பிள்க்கா!”

மாடி அதிர்கிறது. கீழ்வீட்டுப் பெரியம்மா குரல் கொடுக்கிறார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். விதி ஒன்றையும் யாரும் எழுதவில்லை. ‘வில்’ ‘வுட்’ ஆனது ஏன் என்று மாத்திரம் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

சீனத்திலிருந்து அக்கா எடுத்துக்கொண்ட பழக்கங்கள் இரண்டு. அங்கே பள்ளிகளில் காலை வகுப்புக்கு முன் எல்லாரும் உரக்க வாசிப்பார்கள். ஒவ்வொருவரும் தன் பக்கத்தைத் தன் குரலில். இங்கே அது மாலையில் நடக்கிறது, கீழே டிரெய்லர் ஹாரனோடு போட்டி போட்டுக்கொண்டு. மெதுவாகப் பேசும் பிள்ளைகளுக்கு இந்த இரைச்சல் பெரிய வரம்: தான் தப்பாக உச்சரித்தது யார் காதிலும் விழாது என்ற தைரியத்தில் வாய் திறக்கிறார்கள். இரண்டாவது, தப்பு நோட்டு. சீனத்து உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் இது பரவலான வழக்கம்: தேர்வில் தவறிய கேள்வியை மட்டும் தனி நோட்டில் எழுதி, பக்கத்தில் ஏன் தப்பு, எது சரி என்று எழுதிவைப்பார்கள். சரியானதை எழுதித் தள்ளுவதைவிட, தவறியதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் பயன். அக்காவின் மாடியில் எல்லாரிடமும் ஒன்று இருக்கிறது. அட்டையில் பிள்ளையார் சுழி, சிலுவை, பிறை, அவரவர் விருப்பப்படி. அக்காவிடமும் ஒன்று இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பாடப்புத்தகத்தையும் அவர் சும்மா விடவில்லை. 2019இல் வந்த நம் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகம் நிஜமாகவே நல்ல புத்தகம். குறிப்பாகக் கடலோரப் பிள்ளைகளுக்கு. முதல் பாடமே லியாம் ஓஃப்ளாஹர்ட்டியின் பறக்கப் பயப்படும் கடற்புறாக் குஞ்சின் கதை. அவர் அயர்லாந்தின் மேற்கே ஒரு தீவில் பிறந்தவர். காசிமேட்டுப் பிள்ளைக்குக் கடற்புறாவை அறிமுகம் செய்யவேண்டுமா என்ன! குளிர்காலத்தில் எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் கூட்டமாக வந்திறங்கும் பழுப்புத் தலைக் கடற்புறாக்கள், திபெத்து, மத்திய ஆசியப் பீடபூமி ஏரிகளில் குஞ்சு பொரிப்பவை என்று அக்கா சொன்னபோது, “அப்ப இதுவும் சைனா பொட்டி மாதிரி அங்கேர்ந்துதான் வருதா!” என்று ஒருத்தி கூவினாள்.

மூன்றாம் பாடம் தாரிணி. கோவாவில் கட்டிய 56 அடிப் பாய்மரக் கப்பலில் ஆறு கடற்படைப் பெண் அதிகாரிகள் 2017 செப்டம்பர் 10 அன்று கிளம்பி உலகைச் சுற்றி 2018 மே 21 அன்று திரும்பிய கதை. 254 நாட்கள். தலைமை வர்த்திகா ஜோஷி. இதைப் பெண்பிள்ளைகள் வாசிக்கும்போது குரல் தானாக உயர்ந்துவிடுகிறது. கிப்ளிங்கின் இயந்திரங்கள் பேசும் கவிதை 1911ஆம் ஆண்டுப் பள்ளி வரலாற்றுப் புத்தகம் ஒன்றுக்காக எழுதப்பட்டது. அதை வாசித்ததும், துறைமுகத்தில் கிரேன் இயக்குபவரின் மகள், தன் அப்பாவின் கிரேன் பேசினால் என்ன பேசும் என்று அரைப்பக்கம் இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வந்தாள். நைட் ஷிஃப்டைப் பற்றி அது நிறையப் புலம்புகிறது!

துணைப்பாடத்தில் யார் இருக்கிறார் பாருங்கள்: மூலான்! வயதான தகப்பனுக்குப் பதிலாக ஆண்வேடமிட்டுப் போருக்குப் போன சீனத்துப் பெண். அவளைப் பற்றிய பழம்பாடலைச் சீனப் பிள்ளைகள் ஏழாம் வகுப்பில் தங்கள் மொழிப்பாடத்தில் படிக்கிறார்கள். நம் பிள்ளைகள் அவள் கதையை இங்கிலீஷில் படிக்கிறார்கள். இதைச் சொன்னதும் மாடியில் ஒரு கோரிக்கை எழுந்தது: நம்ம கண்ணகியையும் அவங்க பேப்பர்ல வைக்கச் சொல்லுக்கா. அக்கா யாரிடம் சொல்வார், பாவம்! ஆனால் கண்ணகியை வைத்துப் பத்துக் கோடிட்ட பத்தி ஒன்று அடுத்த வாரம் தயாராகிவிட்டது.

ரோட் மேப் கேள்விக்கு அச்சிட்ட வரைபடம் இங்கே செல்லாது. தேரடி மெட்ரோவிலிருந்து வடிவுடையம்மன் கோயிலுக்கு வழி எழுதவேண்டும். இந்த வயதில் யாருக்கும் இடது வலது சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் எந்த டீக்கடையை அடையாளம் சொல்வது என்பதில்தான். மெமரி போயத்துக்குக் கானாத் தாளம். டிபன் பாக்ஸில் விரல் விழுந்ததும் ஹென்ரி வான் டைக்கின் கவிதை ராயபுரத்துக் கவிதையாகிவிடுகிறது. எழுதிக்காட்டச் சொன்னேன்: ஒரு கமா விடவில்லை. தாளம் நிற்கும் இடத்தில் கமா.

எனக்கு ஒரு ஆசை. இதை யாராவது மேலே இருப்பவர்கள் கேட்கவேண்டும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதன் தெருவிலிருந்து எடுத்த பயிற்சித்தாள் வேண்டும். தூத்துக்குடிக்கு உப்பளம், திருப்பூருக்குப் பனியன் லேபிள், நீலகிரிக்குத் தேயிலைப் பெட்டி. ஒவ்வொரு ஊரிலும் இங்கிலீஷ் ஏற்கெனவே சுவரிலும் பெட்டியிலும் கொட்டிக்கிடக்கிறது. அதைப் பெருக்கியெடுத்துக் கோடிட்ட இடமாக்க ஒரு கத்தரிக்கோலும் ஒரு ஜெராக்ஸ் கடையும் போதும். பொறுமையுள்ள ஓர் அக்காவும் வேண்டும். பொதுத்தேர்வில் அத்தோ வரவேண்டும் என்று நான் முழுமனதோடு விரும்புகிறேன். சூப் கொழுக்கட்டை வரலாம் என்றால் அத்தோ ஏன் வரக்கூடாது?

கடைசியாக, மாதக்கடைசி வெள்ளிக்கிழமை. அன்று பிள்ளைகள் வினாத்தாள் தயாரிக்கிறார்கள், எழுதுவது அக்கா. இதை நேரில் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கவேண்டும்! இரண்டு நாளாக ரகசியக் கூட்டம், தாளைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓட்டம், யாரோ ஒருவன் உளறிவிட்டதற்காகத் துரோகி பட்டம். நான் பார்த்த அன்று அக்காவுக்கு ஒரு கன்டெய்னர் கதவிலிருந்து நாலு கேள்வி, புகார் ஒன்று, பொருத்துக ஒன்று. கதவையும் புகாரையும் அக்கா சிரித்துக்கொண்டே தாண்டிவிட்டார். பொருத்துகவில் காசிமேட்டு மீன்கள்: வஞ்சிரம், வவ்வால், நெத்திலி, மத்தி, காரப்பொடி. எதிர்ப்பக்கம் இங்கிலீஷ் பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். சீனத்துத் தாளிலிருந்து கற்ற வித்தை, அவர்மேலேயே!

சீர் ஃபிஷ், பாம்ஃப்ரெட், ஆன்ச்சவி, சார்டின். நாலும் சரி. காரப்பொடியில் பேனா நின்றது. அக்கா வானத்தைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், எனக்கும் தெரியாது.

“டைம் முடிஞ்சுதுக்கா!”

“சில்வர் பெல்லி!” என்று கத்தினாள், அம்மாவோடு விடியற்காலை ஏலத்துக்குப் போகும் பெண். “வகுறு வெள்ளியா மின்னும்ல, அதான்!”

அக்கா பைக்குள் கைவிட்டுத் தன் தப்பு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். அதற்குள் அவருடைய விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்ட கூட்டம் சிவப்புப் பேனாவுக்கு அடித்துக்கொண்டது. பத்துக்கு ஒன்பதா, ஒன்பதரையா என்று ஒரு பஞ்சாயத்து. ஸ்பெல்லிங் பார்த்தாயா, கையெழுத்துக்கு மார்க் உண்டா என்று இன்னொரு பஞ்சாயத்து. முடிவில் தாளின் தலையில் கொட்டை எழுத்தில் விழுந்தது: ஒன்பது. அதன் கீழே, இங்கிலீஷில், ஆர்ட்டிகிள்கூடப் பிசகாமல்: அடுத்த மாதம் இன்னும் நன்றாகச் செய்யவும், பெற்றோர் கையெழுத்து வாங்கி வரவும்.